மூன்று புள்ளி ஒன்று

10 பிப்ரவரி 2025, திங்கள்

முழங்கால் வலி. முடிச்சூர் ரோட்டில் மறுபடியும் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஸ்கூட்டியை ஓட்டினேனா, தள்ளினேனா என்று தெரியாமல் ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன்.

செயலாளர் ஜாய்சன் சார் கூப்பிட்டார். நிர்வாகக் குழு தீர்மானம் போட்டுவிட்டதாம். அறக்கட்டளையின் பதினோரு பள்ளிகளுடைய மதிப்பெண், வருகை, சம்பளம் எல்லாம் இருக்கிற சர்வர்களைக் கீழ்த்தள அறையிலிருந்து எடுத்து, வெளியே ஒரு டேட்டா சென்டரில் வைக்க வேண்டும். அதுவும் ஏதோ ஒன்றில் இல்லை, சுற்றுச்சூழலைக் கெடுக்காத ஒன்றில். "பசுமைன்னு மேடையில பேசிட்டு நாமளே கரண்டைக் குடிச்சா எப்படி சிஸ்டர்? எதுன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றார். ஜூனுக்குள் முடிய வேண்டும்.

உள்ளுக்குள் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். 2015 வெள்ளத்தில் இந்த வீட்டு ஜன்னல் கட்டை வரை தண்ணீர் நின்றதைப் பார்த்தவள் நான். அதற்கப்புறம் யாராவது ஃபேனை நிறுத்தாமல் அறையை விட்டுப் போனாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பதினொரு மணிக்கு வழக்கம்போல் கேசவன் டீயோடு வந்தார். அந்த சர்வர் அறை அவர் பொறுப்பு. இருபத்தொரு வருஷமாக. நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ நம்ம ரூமு இன்னா ஆவும் மேடம்?"

"காலியாகும். உங்களுக்கு வேலை குறையும், போங்க."

"கொறைஞ்சா சர்தான். இல்லாமப் பூடக்கூடாது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

19 பிப்ரவரி, புதன்

முதல் இடம் பார்த்தாயிற்று. வரவேற்பறைச் சுவர் முழுக்கச் செடி. கிள்ளிப் பார்த்தேன் — பிளாஸ்டிக்! எல்லாம் காற்றாலை மின்சாரம் என்று டை கட்டின பிள்ளை சான்றிதழ் காட்டினார். குளிர்விக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "வெண்டார் மேடம்." வெண்டார் எங்கிருந்து எடுக்கிறார்? "அது வெண்டாருக்குத்தான் மேடம் தெரியும்." வெளியே வந்தால் கேட்டில் மூன்று தண்ணீர் லாரி நிற்கிறது.

வேண்டாம்.

27 பிப்ரவரி, வியாழன்

இன்று சிறுசேரிப் பக்கம். கேசவனையும் கூட்டிப் போனேன். நல்ல வேளை.

சின்மயி என்று ஒரு பெண், முப்பது வயது இருக்காது, அவள்தான் சுற்றிக் காட்டினாள். இந்தப் பெண் பொய் சொல்லவில்லை. கழிவுநீரைச் சுத்தம் பண்ணித்தான் குளிர்விக்கிறார்கள். அந்தத் தொட்டியின் நாற்றத்தையும் சேர்த்துக் காட்டினாள். கம்ப்யூட்டருக்கு ஒரு யூனிட் போக வேண்டுமானால் மொத்தமாக எத்தனை யூனிட் இழுக்கிறீர்கள் என்று கேட்டேன். இந்தத் தொழிலில் அந்த ஒரு எண்தான் ஜாதகம். "ஒன்று புள்ளி ஐந்து ஐந்து மேடம். ஆனா அது வருஷ சராசரி. மே மாசம் வந்து பார்த்தீங்கன்னா ஒன்று ஏழு இருக்கும். இதை மத்தவங்க சொல்ல மாட்டாங்க" என்றாள்.

கேசவன் ஒரு பெரிய குளிர்விப்பு இயந்திரத்தின் பக்கத்தில் நின்று காதைச் சாய்த்துக் கேட்டார். "தங்கச்சி, இதுல பேரிங் போவப் போவுது. ஒரு வாரம் தாங்குனா அதிகம்." அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் ஒரு ஆளைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொன்னாள். நிஜம்தானாம்.

நம் அறையில் அவர் இருபத்தாறு டிகிரியில்தான் ஏ.சி. வைக்கிறார். சர்வர் சூடாகிவிடும் என்று பத்து வருஷமாக அவரோடு சண்டை போடுகிறேன். சின்மயியிடம் சொன்னேன், எனக்குப் பரிந்து பேசுவாள் என்று நினைத்து. "இருபத்தாறு கரெக்ட் மேடம். நாங்களும் அதான் வைக்கிறோம்." திரும்பி வரும்போது பஸ்ஸில் தாம்பரம் வரைக்கும் அந்த மனுஷன் முகத்தில் இருந்த பவுசு இருக்கிறதே!

7 மார்ச், வெள்ளி

லெந்து நோன்பு தொடங்கி மூன்றாம் நாள். டீயில் சர்க்கரை இல்லை. கேசவனும் சர்க்கரை போடாமல் குடிக்கிறார். "உங்களுக்கு எதுக்குங்க?" என்றேன். "தனியா கஷ்டப்படாதீங்க மேடம், கூட இருக்கேன்" என்றார்.

இன்னொரு இடமும் பார்த்துவிட்டேன், தேறவில்லை. சிறுசேரிதான். ஆனால் அறிக்கையில் நம் அறையின் எண்ணும் வேண்டும். இல்லாவிட்டால் எதை விட எது மேல் என்று எப்படிச் சொல்வது? யு.பி.எஸ். திரையில் சர்வர்களின் சுமை தெரியும், ஒரு நாளைக்கு நாற்பது யூனிட். அந்த அறைக்கென்று தனி ஈ.பி. மீட்டர். பத்து நாளாகக் காலையில் நானே போய் எண்களைக் குறித்தேன். ஒரு நாளைக்கு நூற்றிருபத்து நாலு.

வகுத்தால் மூன்று புள்ளி ஒன்று.

கேசவனிடம் கேட்கவில்லை. அவர் அறையை அவரே அளந்தால் நியாயமாக இருக்காது.

8 மார்ச், சனி

இன்னொரு தடவை போட்டேன். மூன்று புள்ளி ஒன்றுதான். இவ்வளவு வீணா? அத்தனை கரண்டும் எங்கே போகிறது?

24 மார்ச், திங்கள்

அறிக்கை கொடுத்தாயிற்று. பன்னிரண்டு பக்கம். ஒரு வரி கூட யாருக்கும் சாதகமாக எழுதவில்லை.

ஜாய்சன் சார் கடைசிப் பக்கத்தை முதலில் படித்தார். "மூணு புள்ளி ஒண்ணா! அவங்களை விட டபுளா! இது போதும் சிஸ்டர்." அப்புறம் சாதாரணமாக, பேனா மூடியைத் தேடிக்கொண்டே சொன்னார் — ரூம் போனால் கேசவனுடைய போஸ்டும் போகும் என்று. ஏதாவது ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் லேப்பில் போடலாமே என்றேன். "ஐம்பத்து நாலு வயசு. பசங்க கேட்கிறதுக்கு அவர் என்ன பதில் சொல்வார்?"

வீட்டில் ஐசக்கிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், எதற்கும் சத்தம் போட மாட்டார். "ஜோதி, நீ அவருக்காகப் பேசணும்" என்றார். பேசினேனே என்றேன். "ஒரு வாட்டி சொன்னே. அது பேசினது ஆகாது."

15 ஏப்ரல், செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

குழுக் கூட்டம். கேசவனை உள்ளே கூப்பிட்டார்கள். வேலை இல்லை என்று சொல்லி, நாலு நல்ல வார்த்தையோடு அனுப்புவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. என் அறிக்கையை ஜாய்சன் சார் கையில் வைத்துக்கொண்டு, பதினைந்து பேர் முன்னால் — "இத்தனை வருஷமா கரண்டைக் கொட்டியிருக்கீங்க கேசவன். ஒரு யூனிட் வேலைக்கு ரெண்டு யூனிட் தண்டம். கவனிச்சுப் பார்க்கிற ஆள் இருந்தா இப்படி ஆகுமா? பொறுப்பு வேண்டாமா?"

கேசவன் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னை ஒரு தடவை பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருப்பவர் மாதிரி பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டேன். எண் எண்தானே? நான் என்ன பொய்யா எழுதினேன்?

"சரிங்க சார்" என்றார். போய்விட்டார்.

பொறுப்பு வேண்டாமா என்று கேட்டார்களே! ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் கூட வாளியில் பிடித்துத் தரை துடைக்கிற மனுஷனை!

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை?

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஒன்று கூட என் காதில் ஏறவில்லை.

30 ஏப்ரல், புதன்

கேசவனுக்குக் கடைசி நாள். சாவிக் கொத்தை என் மேஜையில் வைத்தார். ஒவ்வொரு சாவியிலும் எது எதற்கு என்று வெள்ளைத் துணிப்பட்டை ஒட்டி எழுதியிருந்தார். "எல்லாம் கீது மேடம், பார்த்துக்கங்க." அவ்வளவுதான். பதினொரு மணிக்கு டீ வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டிருக்கலாம். பன்னிரண்டு வரைக்கும் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், போகவில்லை.

சிறுசேரியில் வேலை கேட்டுப் பார்த்தேன். சின்மயி நிஜமாகவே முயற்சி பண்ணினாள். டிப்ளமோ இல்லாமல் உள்ளே எடுக்க மாட்டார்களாம். பேரிங்கைக் காதால் கண்டுபிடித்த ஆளை.

17 மே, சனி

சர்வர்கள் போயாயிற்று. மூன்று வருஷ ஒப்பந்தம். அந்த அறையின் ஈ.பி. இணைப்பையும் துண்டித்துவிட்டார்கள். ஆபீஸ் வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது: "எங்கள் கணினித் தேவைக்கான மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்துள்ளோம்." கீழே என் எண். மூன்று புள்ளி ஒன்றிலிருந்து ஒன்று புள்ளி ஐந்து ஐந்து.

எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள்.

2 ஜூன், திங்கள்

பள்ளி திறந்த நாள். லீவு முடிந்து, எங்கள் ஆபீஸ் வளாகத்து ஹாஸ்டல் பெண்கள் நூற்றெண்பது பேரும் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார்கள். எட்டு மணிக்கு வார்டன் தபீதாள் அக்கா மூச்சிரைக்க என் முன்னால் நிற்கிறார். "குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல ஜோதி! மோட்டார் போட்டா கம்முன்னு இருக்கு. உங்க ரூம் லைனை எதுக்கு வெட்டினீங்க?"

எங்கள் ரூம் லைனுக்கும் உங்கள் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

"என்ன இப்படிக் கேக்கறே? போர் மோட்டார் அந்த லைன்லதானே ஓடுது! தண்ணிப் பஞ்சம் வந்துச்சே, அந்த வருஷம் கேசவன்தான் மாத்திக் கொடுத்தார். அப்போ நீதானே அவரை எங்ககிட்ட அனுப்பி வச்சே?"

பஞ்சம் வந்தது 2019இல்.

வீட்டுக்கு வந்ததும் பரண் மேலிருந்து 2019 டயரியை எடுத்தேன். ஜூன் மாதம். என் கையெழுத்தேதான்: "ஹாஸ்டலில் மூன்று நாளாகக் குளிக்கத் தண்ணீர் இல்லை. ஹாஸ்டல் லைனில் வோல்டேஜ் இல்லை, மோட்டார் இழுக்கவில்லை. தபீதாள் அக்கா அழுகிறார். பெரிய இடத்தில் கேட்டால் வயரிங்கைத் தொடக்கூடாது என்கிறார்கள். கேசவனிடம் ஏதாவது செய்யுங்கள் என்றேன். நம் ரூம் லைனில் கோத்துவிட்டார். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று நான் சொன்னேன். தண்ணீர் வந்துவிட்டது, ஸ்தோத்திரம்."

நான் சொன்னேன். நானேதான் சொல்லியிருக்கேன். ஆறு வருஷத்துல மறந்துட்டேன். தண்ணி வந்துச்சு, ஸ்தோத்திரம்னு எழுதிட்டு மறந்துட்டேன். அடிப் பாவி. அந்த மனுஷன் யாருக்கும் சொல்லலை. எல்லார் முன்னாலயும் திட்டு வாங்கினப்போ கூடச் சொல்லலை. என்னைத்தானே பார்த்தார்!

3 ஜூன், செவ்வாய்

மோட்டார் ஏழரை ஹெச்.பி. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் ஓடும் என்கிறார் தபீதாள் அக்கா. ஐம்பது யூனிட். நூற்றிருபத்து நாலில் கழித்தால் எழுபத்து நாலு. நாற்பதால் வகுத்தால் —

ஒன்று புள்ளி எட்டு ஐந்து.

மே மாதத்துச் சிறுசேரிக்கும் நம் அறைக்கும் ஒரு விரல் கடைதான் வித்தியாசம். அவர்களிடம் அத்தனை இயந்திரம். இங்கே பழைய ஏ.சி. இரண்டு, கேசவன் ஒருத்தர்.

7 ஜூன், சனி

பம்மல் போனேன். ஐசக் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். இருபத்தொரு வருஷத்தில் அந்த வீட்டுக்கு நான் போனது இது இரண்டாவது தடவை. அவர் சம்சாரம் வேதா கதவைத் திறந்து, "வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம் வெளியே வரவே இல்லை.

கேசவன் பெருங்களத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட், ஜெனரேட்டர் எல்லாம் பார்த்துக்கொள்கிறாராம். மெலிந்திருக்கிறார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

மீட்டர் விஷயத்தைச் சொன்னேன். உட்கார முடியாமல் நின்றுகொண்டே சொன்னேன். ஏன் அங்கே வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"எப்டி மேடம் சொல்றது? யார் கோக்கச் சொன்னதுன்னு கேப்பாங்க. உங்க பேரு வரும். அதுவும் இல்லாம..." நிறுத்திவிட்டார். சொல்லுங்க என்றேன்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் மேடம். மோட்டாரு அதுலதான் ஓடுதுன்னு தெரிஞ்சேதான் எழுதிகீறீங்க, ஏதோ காரணம் இருக்கும், மேலேர்ந்து அழுத்தம் குடுத்திருப்பாங்க, மேடம் சும்மா செய்ய மாட்டாங்கன்னு இருந்துட்டேன்."

"நான் மறந்துட்டேன் கேசவன். சத்தியமா மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா" என்றார். அப்புறம் மெதுவாக, "வேணும்னே செஞ்சேன்னு சொல்லியிருந்தா கூடத் தாங்கிக்குவேன் மேடம். அதுக்கு ஒரு காரணமாச்சும் இருக்கும்."

அவரே உள்ளே போய் டீ கொண்டு வந்தார். சர்க்கரை போட்டிருந்தது. குடித்துவிட்டு வந்தேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த அம்மா, "என்னம்மா ஆச்சு, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

9 ஜூன், திங்கள்

குழுவுக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். எண் தவறு. தவறு என்னுடையது. மோட்டாரை அந்த லைனில் மாற்றச் சொன்னது நான். கேசவன் மீது சொன்ன குற்றம் பொய். அதே கூட்டத்தில், அதே ஆட்கள் முன்னால் அவரைக் கூப்பிட்டு வருத்தம் தெரிவிக்க வேண்டும். வாசலில் உள்ள சட்டத்தைக் கழற்ற வேண்டும்.

ஐசக் படித்துப் பார்த்தார். "வேலை போயிடும்னு பயமா இருக்கா?" என்றார். இல்லை. போனால் நன்றாக இருக்கும்.

26 ஜூன், வியாழன்

ஜாய்சன் சார்: "முடிஞ்சு போனதைக் கிளறாதீங்க சிஸ்டர். அந்த நம்பர் வெளிநாட்டுல நமக்குப் பணம் தர்றவங்க வரைக்கும் போயிருக்கு. அப்படிப் பார்த்தாலும் புது இடம்தானே மேல்? முடிவு சரிதானே?"

முடிவு சரிதான். அதுதான் என்னை ரொம்பக் கொல்கிறது. அந்த மனுஷனை அப்படி ஒரு பேச்சுப் பேசாமலேயே இதே முடிவுக்கு வந்திருக்கலாம்.

"கேசவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும் சார்" என்றேன். "நீங்கதான் கேட்டாச்சே" என்றார்.

இன்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நாலு வாட்டி. ஏப்ரலில் செய்திருக்க வேண்டியது.

18 ஜூலை, வெள்ளி

கூட்டக் குறிப்பு வந்தது. ஒன்பதாவது பொருள்: "திருமதி ஞானஜோதியின் கடிதம் பதிவு செய்யப்பட்டது." ஒரே வரி. வாசலில் அந்தச் சட்டம் அப்படியே தொங்குகிறது. எனக்குத் தண்டனையும் இல்லை. கேசவனுக்கு அந்தத் தாளைத் தபாலில் அனுப்பி, கூடவே என் கடிதத்தின் நகலையும் வைத்தேன். சின்மயிக்கும் சொன்னேன். அவள் தன் கம்பெனி விளம்பரத்தில் போட்டிருந்த எங்கள் மூன்று புள்ளி ஒன்றை எடுத்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லையாம்.

11 ஆகஸ்ட், திங்கள்

பம்மலிலிருந்து பதில் இல்லை.

8 செப்டம்பர், திங்கள்

ஹாஸ்டல் மோட்டார் மறுபடியும் போய்விட்டது. ஜூனிலிருந்து வெளியாட்கள் மூன்று பேர் மாற்றி மாற்றி லைன் இழுத்தார்கள், ஒன்றும் நிற்கவில்லை. இரண்டு நாளாகப் பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள். கடைசியில் தபீதாள் அக்கா யாரையும் கேட்காமல் கேசவனுக்குப் போன் போட்டிருக்கிறார்.

எனக்குப் பதினொன்றரைக்குத்தான் தெரியும். ஹாஸ்டல் பக்கம் பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள், என்ன என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது. எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடினேன். அதற்குள் போய்விட்டிருந்தார். "கூலி கொடுத்தேன், வாங்கல. ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டார்" என்றார் தபீதாள் அக்கா.

வாசலில் செக்யூரிட்டியின் வருகைப் பதிவேடு திறந்தபடி இருந்தது. இந்த ஆபீஸில் அவர் அதில் எழுதினது இதுதான் முதல் தடவை. அந்தச் சாவித் துணிப்பட்டைகளில் இருந்த அதே சின்னக் கையெழுத்து. பெயர்: கேசவன். ஊர்: பம்மல். வந்த நேரம் 9.10, போன நேரம் 11.25.

யாரைப் பார்க்க: "மோட்டார்."

இரண்டேகால் மணி நேரம். நான் மாடியில் என் சீட்டில்தான் இருந்தேன்.